விரல் நுனியில் தெரியும் எண்: பல்ஸ் ஆக்ஸிமீட்டரைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு

பெரம்பூரில் ஒரு வீடு. எழுபது வயதைத் தாண்டிய ஐயா கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். மகள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை அப்பாவின் விரலில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "98 சிஸ்டர், நல்லாத்தான் இருக்கு." நான் ஐயாவைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தெலும்புக்கு மேலே இருக்கும் குழி உள்ளே இழுத்துக்கொண்டது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதற்கு, நாலு வார்த்தை பதில் சொல்வதற்குள் இரண்டு தடவை நிறுத்தினார். எண் ஒன்று சொல்கிறது, மூச்சு வேறொன்று சொல்கிறது. எழுந்து போய் ஐயாவின் தோள் பக்கமாக நின்று கருவியைப் பார்த்தேன். 86.

மகள் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்திருக்கிறார். ஒரு காகிதத்தில் 86 என்று எழுதித் திருப்பிப் பாருங்கள், 98 தெரியும். அன்று மாலையே ஐயாவை மருத்துவமனையில் சேர்த்தோம். நிமோனியா. பத்து நாளில் நல்லபடியாக வீடு திரும்பினார். ஆனால் அந்த மகள் இரண்டு நாளாக "98, 98" என்று நோட்டில் எழுதி வைத்திருந்த பக்கத்தை என்னால் மறக்க முடியவில்லை. அக்கறை இல்லாத மகள் இல்லை அவர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை தவறாமல் பார்த்திருக்கிறார். எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

கொரோனாவுக்குப் பிறகு சென்னையில் பல வீடுகளில் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் இந்தச் சின்னக் கருவியும் இருக்கிறது. வாங்கி வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள், முதல் மாதம் வார்டு டியூட்டி பார்க்கும் தங்கை தம்பிகள், எல்லாரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் புதியவர்களுக்குச் சொல்லித் தரும் வரிசை ஒன்றே ஒன்று: முதலில் ஆளைப் பார், அடுத்தது துடிப்பைப் பார், மூன்றாவதாகத்தான் எண்ணைப் பார்.

கருவி என்ன செய்கிறது

சின்ன வயதில் கரண்ட் போன ராத்திரியில் டார்ச் லைட்டை உள்ளங்கைக்கு அடியில் பிடித்து, விரலெல்லாம் சிவப்பாக ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆக்ஸிமீட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. மேல் பக்கத்திலிருந்து இரண்டு விதமான ஒளி விரலுக்குள் போகிறது. ஒன்று 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளி, இன்னொன்று 940 நானோமீட்டர் அளவிலான, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஆக்சிஜனை ஏந்தியிருக்கும் ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் சிவப்பை அதிகம் உறிஞ்சும். அடிப்பக்கத்தில் இருக்கும் உணரி, இரண்டில் எது எவ்வளவு மிச்சம் வருகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. 100 ஹீமோகுளோபினில் 97 ஆக்சிஜனோடு போகிறது என்றால் திரையில் 97 வரும். கருவியில் இதற்கு எஸ்பிஓ2 என்று பெயர் போட்டிருக்கும். வார்டில் நாங்கள் 'சாச்சுரேஷன்' என்போம்.

விரலில் தோல், எலும்பு, சதை எல்லாம் இருக்கிறதே, ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது? ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் வேலை பார்த்த தகுவோ அயோயகி என்ற பொறியாளர் 1970-களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். அவர் வேறொரு அளவீட்டில் ஈடுபட்டிருந்தபோது, நாடித்துடிப்பால் ஒளி ஏறி இறங்குவது தொந்தரவாக இருந்தது. அந்தத் தொந்தரவுதான் தமனி ரத்தத்தின் அடையாளம் என்று அவருக்குப் பிடிபட்டது. சதையும் எலும்பும் அசையாது, தமனி மட்டும்தான் துடிக்கும். துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் போதும். உலகமே இந்தக் கருவியைத் தேடி ஓடிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துடிப்பு கிடைத்தால்தான் கருவிக்குக் கணக்கு வரும். துடிப்பு சரியாகக் கிடைக்காத விரலில் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. இனி நான் சொல்லப்போகும் படிகளில் பாதி, விரலில் நல்ல துடிப்பு கிடைக்க வைப்பதற்கானவைதான்.

வாங்கும்போது

பார்க் டவுனில் நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் போனால் சர்ஜிகல் கடைகளில் பல விதமாகக் கிடைக்கும். தெருமுனை மருந்துக் கடையிலும் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் துடிப்பு அலையாகவோ, ஏறி இறங்கும் கட்டமாகவோ திரையில் தெரிகிற மாடலை வாங்குங்கள். வெறும் எண் மட்டும் காட்டும் கருவியில், அந்த எண்ணை நம்பலாமா என்று கண்டுபிடிக்க வழியில்லை. பில்லும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே உங்கள் விரலில் போட்டு, மணிக்கட்டில் நாடியை எண்ணி, கருவி காட்டும் நாடியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கருவியையும் எடுத்துப் போய் அங்கிருக்கும் மானிட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு எண் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை.

செல்போன் கேமராவில் விரல் வைத்தால் ஆக்சிஜன் காட்டும் என்று வரும் செயலிகளை நோயாளிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

போடுவதற்கு முன்

மாடிப்படி ஏறி வந்தவுடனே, குளித்து முடித்தவுடனே, இருமி முடித்தவுடனே போடாதீர்கள். ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். பேசவிடாதீர்கள். கையைத் தொட்டுப் பாருங்கள். சென்னையில் கை சில்லிட்டுப் போகுமா என்று கேட்பார்கள். ஏசி அறையில் இரவு முழுக்கப் படுத்திருந்த பாட்டியின் விரல்களைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். விரல் சில்லிட்டால் ரத்த ஓட்டம் சுருங்கிவிடும், கருவி தடுமாறும். உங்கள் இரண்டு உள்ளங்கைக்குள் அந்தக் கையை வைத்து ஒரு நிமிடம் தேய்த்துவிடுங்கள். அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது நகம். நெயில் பாலிஷ், முக்கியமாகக் கருப்பு, கருநீலம், பச்சை நிறங்கள் ஒளியைத் தடுக்கும். ஒரு விரலிலாவது அழித்துவிடுங்கள். அழிக்க வழியில்லாத அவசரத்தில் கருவியைப் பக்கவாட்டில் திருப்பி, ஒளி நகம் வழியே போகாமல் விரலின் இரு பக்கமும் போகும்படி மாட்டலாம். அப்புறம் மருதாணி. ஆடி மாதத்திலும் கல்யாண வீட்டிலும் இந்தச் சிக்கல் கட்டாயம் வரும். வீட்டில் அரைத்து வைத்த, ஆரஞ்சுச் சிவப்பில் பிடிக்கும் மருதாணியால் பெரிய தொல்லை வராது. கோனில் வரும் கருத்த மருதாணி விரல் நுனி முழுக்க அப்பியிருந்தால் கருவி எண்ணே காட்டாமல் போகலாம், தவறாகவும் காட்டலாம். பூசாத விரல் ஒன்று இருக்கிறதா பாருங்கள். பத்து விரலிலும் இருந்தால் கால் விரலில் போடுங்கள். கால் விரலில் மாற்றம் தெரியக் கொஞ்சம் தாமதமாகும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

மாட்டுவதும் காத்திருப்பதும்

நடுவிரல் அல்லது ஆள்காட்டி விரல். நகம் மேலே, திரை இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். விரல் நுனி உள்ளே முட்டும் வரை நுழைய வேண்டும். பாதி விரல் வெளியே நின்றால் ஒளி பக்கவாட்டில் கசிந்து கணக்கு கெட்டுப்போகும். நீள நகம் இருந்தால் விரல் உள்ளே போகாது, வெட்டிவிடுங்கள். கை தொங்கக் கூடாது, தூக்கியும் பிடிக்கக் கூடாது. மேஜை மேலோ, நோயாளியின் மார்பு மேலோ இதய மட்டத்தில் ஓய்வாக இருக்கட்டும். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் ஒரு துண்டைப் போட்டு மூடுங்கள்.

இனிதான் பலரும் அவசரப்படும் இடம். போட்ட ஐந்தாவது நொடியில் 91 வரும், வீடே பதறும். அல்லது 99 வரும், உடனே கழற்றி வைத்துவிடுவார்கள். இரண்டும் தப்பு. அலையைப் பாருங்கள். ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் மலையும் பள்ளமுமாக ஓடுகிறதா? அப்படி ஓடத் தொடங்கிய பிறகு முப்பது நொடி முதல் ஒரு நிமிடம் வரை எண் ஒரே இடத்தில் நின்றால் அதுதான் அளவு. அலை தாறுமாறாகத் துள்ளினால் கை நடுங்குகிறது அல்லது ஆள் அசைகிறார். அலை படுத்துக்கிடந்தால் விரலில் ரத்த ஓட்டம் போதவில்லை. சில கருவிகளில் பிஐ என்று ஒரு சின்ன எண் வரும், துடிப்பின் வலுவைச் சொல்வது அது. அது 1-க்குக் கீழே இருந்தால் நான் அந்த விரலை நம்புவதில்லை. விரலை மாற்றுவேன், கையை மாற்றுவேன்.

எண்ணைப் படிக்கும்போது நோயாளியின் பக்கமாக, அவர் கண் போகும் திசையிலேயே நின்று படியுங்கள். பெரம்பூர் வீட்டுக்குப் பிறகு இதை ஒரு விதியாகவே சொல்லித் தருகிறேன். இன்னொரு குழப்பமும் உண்டு. திரையில் இரண்டு எண்கள் வரும், எஸ்பிஓ2 பக்கத்தில் இருப்பது ஆக்சிஜன், பிஆர் பக்கத்தில் இருப்பது நாடி. ஆக்சிஜன் 88, நாடி 97 என்று வந்ததை மாற்றிப் படித்து நிம்மதியாக இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே ஒரு சின்ன ஸ்டிக்கர் வெட்டி, ஆக்சிஜன் வரும் பக்கத்தில் 'ஆ' என்று எழுதி ஒட்டிவிடுங்கள். கண்ணாடியைத் தேடும் தாத்தாவுக்கும் அது உதவும்.

கடைசியாக, கருவி காட்டும் நாடியை மணிக்கட்டில் நீங்கள் எண்ணிய நாடியோடு ஒப்பிடுங்கள். உங்கள் எண்ணிக்கை 90, கருவி 52 என்றால் கருவி துடிப்பைப் பிடிக்கவே இல்லை. அதன் ஆக்சிஜன் எண்ணையும் தூக்கி எறியுங்கள்.

மூச்சை எண்ணுங்கள்

ஆக்ஸிமீட்டரால் செய்ய முடியாத வேலை இது, அதை விடவும் முக்கியமான வேலை. "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால் யாராக இருந்தாலும் மூச்சை மாற்றி விடுவார்கள். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, கண்ணை வயிற்றின் மேல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இயல்பு. 24-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். 30-ஐத் தாண்டினால் ஆக்ஸிமீட்டர் என்ன சொன்னாலும் மருத்துவமனைதான்.

மூச்சு கூடிப்போவது முதலில் நடக்கும், எண் இறங்குவது பிறகுதான் நடக்கும். உடம்பு வேகமாக மூச்சு விட்டு ஆக்சிஜனை முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கும். 96 காட்டும், ஆனால் அந்த 96-க்காக ஆள் மூச்சிரைத்து உழைத்துக்கொண்டிருப்பார். உழைப்பு தளரும்போது எண் சரியும்.

எண் எதைச் சொல்கிறது

நல்ல நுரையீரல் உள்ளவருக்கு 95-லிருந்து 100 வரை. 94 வந்தால் விரல் மாற்றி, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், அதே 94 நின்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். 93-ம் அதற்குக் கீழேயும் நிலையாக நின்றால் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். கொரோனாவுக்கான நமது நாட்டு சிகிச்சை வழிமுறையிலும் 90 முதல் 93 வரை நடுத்தர நிலை, 90-க்குக் கீழே தீவிர நிலை என்றுதான் பிரித்தார்கள். 90 அல்லது அதற்குக் கீழே என்றால் யாருக்கும் போன் செய்து ஆலோசனை கேட்க வேண்டாம், 108.

90-ஐ ஏன் இப்படிப் பெரிதாகச் சொல்கிறோம்? மெரினாவில் அலையில் கால் நனைக்க இறங்கியவர்களுக்குத் தெரியும். கொஞ்ச தூரம் கணுக்கால் தண்ணீர்தான், அடுத்த இரண்டு எட்டில் மணல் சரேலென்று இறங்கிவிடும். ரத்தமும் அப்படித்தான். ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் கிட்டத்தட்ட 95 மில்லிமீட்டரிலிருந்து 60-க்கு விழும் வரை ஹீமோகுளோபின் தாக்குப்பிடித்து, எண் 97-லிருந்து 90-க்குத்தான் வந்திருக்கும். அதற்குக் கீழே கொஞ்சம் அழுத்தம் குறைந்தாலும் எண் கொட்டிவிடும். 95-லிருந்து 90-க்கு வர ஒரு நாள் எடுத்த நோயாளி, 90-லிருந்து 80-க்கு வர ஒரு மணி நேரம்கூட எடுக்காமல் போகலாம்.

ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. பல வருடம் பீடி சிகரெட் பிடித்தோ, விறகடுப்புப் புகையிலோ நுரையீரல் கெட்டு, சிஓபிடி என்று டாக்டர் சொல்லியிருப்பவர்கள். இவர்களில் பலருக்கு டாக்டர் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். 90 பார்த்துப் பதறி, வீட்டில் இருக்கும் ஆக்சிஜன் குமிழைத் திருகி 98-க்கு ஏற்றிவிடாதீர்கள். இவர்களுக்கு ஆக்சிஜன் அளவுக்கு மேல் போனால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, தூக்கம் தூக்கமாக வந்து, எழுப்பினால் எழாத நிலைக்குப் போகலாம். அந்த நேரத்தில் திரையில் அழகாக 98 என்றுதான் இருக்கும். இப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால், 'இவருக்கு எது இயல்பு, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும்' என்று டாக்டரிடம் கேட்டு, எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

நல்ல எண் ஏமாற்றும் இடங்கள்

2021 மே மாதத்தை சென்னையில் வேலை செய்த எந்தச் செவிலியரும் மறக்க மாட்டார். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நாட்கள் அவை. எண்பதுகளில் சாச்சுரேஷன் வைத்துக்கொண்டு போனில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களை அப்போது கண்ணால் கண்டோம். ஆள் நன்றாகத் தெரிந்து, எண் மட்டும் கெட்டுப்போயிருந்த நோய் அது. அதில் இந்தச் சின்னக் கருவி எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. ஆனால் இதற்கு நேர்மாறான நிலைகளும் உண்டு, அவற்றைத் தெரியாமல் இருப்பது ஆபத்து.

ரத்தசோகை முதலாவது. ஹீமோகுளோபின் 6 இருக்கும் பெண்ணுக்கும் கருவி 99 காட்டும். இருக்கிற வண்டிகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்றுதான் கருவி சொல்கிறது, வண்டிகளே பாதிதான் இருக்கின்றன என்பதை அது சொல்லாது. "99 இருக்கு, அப்புறம் ஏன் படியேற முடியல?" என்று கேட்பவரின் கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள், வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

கார்பன் மோனாக்சைடு இரண்டாவது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மூடிய இடத்தில் ஜெனரேட்டர் ஓடினாலும், பூட்டிய அறையில் கரியடுப்பு புகைந்தாலும் இந்த வாயு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு அதையும் ஆக்சிஜனையும் பிரித்தறியத் தெரியாது. தலைவலி, வாந்தி, மயக்கம், கூடவே 98. முதலில் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள், எண்ணைப் பார்த்து நிற்காதீர்கள்.

மூன்றாவது நம் தோல் நிறம். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது, உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம். கருத்த தோலில் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதே இதன் பொருள். நம் ஊரில் எத்தனையோ பேர் நல்ல கருப்பு. அதனால் கருத்த தோல் உள்ளவருக்கு 93, 94 வந்தால் நான் அதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்கிறேன், மூச்சு எண்ணிக்கையை இன்னும் கவனமாகப் பார்க்கிறேன். பொதுவாகவே இந்தக் கருவிகள் இரண்டு மூன்று எண் முன்பின் காட்டும். 70-க்குக் கீழே காட்டும் எண்ணைத் துல்லியம் என்று எடுக்கவே முடியாது.

நடந்து பார்ப்பது

காய்ச்சல், இருமலோடு வீட்டில் இருப்பவருக்கு ஓய்வில் 95-க்கு மேல் இருந்தால், விரலில் கருவியோடு வீட்டுக்குள்ளேயே ஆறு நிமிடம் சமதரையில் நடக்கச் சொல்லலாம். மூன்றோ அதற்கு மேலோ இறங்கினாலும், 93-க்குக் கீழே போனாலும், நடக்கும்போதே மூச்சு வாங்கினாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஓய்விலேயே 94-க்குக் கீழே இருப்பவரை நடக்க வைக்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் இல்லாமலும் செய்யாதீர்கள்.

ஆக்சிஜனில் இருப்பவர் பாத்ரூம் போகும்போது பலரும் மூக்குக் குழாயைக் கழற்றிவிடுவார்கள். திரும்பி வந்தவுடன் போட்டுப் பார்த்தால் 95 இருக்கும், "பாருங்க, ஒண்ணும் ஆகல" என்பார்கள். விரலுக்குச் செய்தி வந்து சேரவே சில நொடிகள், சில நேரம் அரை நிமிடம்கூட ஆகும். உட்கார்ந்து ஒரு நிமிடம் கழித்துத்தான் 87 தெரியும். குழாயை நீளமாகப் போட்டு, அதோடேயே போகச் சொல்லுங்கள்.

குழந்தைகளுக்கு

பெரியவர்களுக்கான கிளிப்பைக் கைக்குழந்தைக்குப் போடாதீர்கள், விரல் உள்ளே நிற்காது, வரும் எண் பொய். குழந்தைகளுக்கான ஒட்டும் உணரி ('புரோப்' என்போம்) தனியாக இருக்கிறது, பாதத்தில் சுற்றுவார்கள். வீட்டில் அதற்காக அலைய வேண்டாம். குழந்தை பால் குடிக்க மறுத்தால், மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து மூடினால், விலா எலும்புக்கு இடையே சதை உள்ளே இழுத்தால் எண் தேடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இரவிலும் திறந்திருக்கும்.

வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

பிபி கப் (ரத்த அழுத்தம் பார்க்கச் சுற்றும் பட்டை) கட்டிய கையிலேயே புரோப் போடாதீர்கள். கப் இறுகும்போதெல்லாம் துடிப்பு நின்று அலாரம் கத்தும். ஒரு ராத்திரியில் இருபது தடவை பொய் அலாரம் கேட்டால் இருபத்தோராவது உண்மை அலாரத்துக்கு யாரும் எழமாட்டார்கள். ஒரே விரலில் விடிய விடிய விடாமல், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இடத்தை மாற்றித் தோலைப் பாருங்கள். சர்க்கரை நோயாளியின் விரலில் புரோப் அழுத்திய இடம் புண்ணாகிவிட்டால் ஆற வாரக்கணக்கில் ஆகும். அடுத்த நோயாளிக்குப் போகுமுன் ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழியாமல் துடைத்துக் கருவியைக் கெடுத்துவிடாதீர்கள்.

நோட்டு எழுதும் முறை

வெறும் '94' என்று எழுதினால் டாக்டருக்கு எதுவும் புரியாது. இப்படி எழுதுங்கள் ('வெளிக்காற்று' என்றால் தனியாக ஆக்சிஜன் வைக்காமல் சாதாரணக் காற்றில் என்று அர்த்தம்):

காலை 7.10. ஆக்சிஜன் 94, நாடி 96, மூச்சு 24. வெளிக்காற்று. உட்கார்ந்த நிலை, இடது நடுவிரல். இரவு இருமல், தூக்கமில்லை.

மாலை 4.00. ஆக்சிஜன் 95, நாடி 90, மூச்சு 20. ஆக்சிஜன் 2 லிட்டர். உட்கார்ந்த நிலை, இடது நடுவிரல். இரண்டு இட்லி சாப்பிட்டார்.

மேலோட்டமாகப் பார்த்தால் 94-லிருந்து 95-க்கு ஏறியதுபோலத் தெரியும். இரண்டு லிட்டர் ஆக்சிஜன் போட்டும் 95-தான் என்பதை இரண்டாவது வரி சொல்கிறது. 'வெளிக்காற்றா, எத்தனை லிட்டரா' என்ற இந்த ஒரு குறிப்பை விட்டுவிட்டால் முழு நோட்டும் வீண். ஒரே கை, ஒரே நிலை, ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் ஏற்ற இறக்கம் பளிச்சென்று தெரியும். நிலையாக இருப்பவருக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாட்டி மாட்டிப் பார்த்தால் நோயாளிக்குப் பயம்தான் மிஞ்சும், பயத்தில் மூச்சு இன்னும் கூடும். தூக்கத்தில் இரண்டு மூன்று எண் குறைவது பலருக்கும் இயல்பு. நன்றாகத் தூங்குகிறவரை எழுப்பி அளக்க வேண்டாம், மூச்சை மட்டும் தள்ளி நின்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பேட்டரி குறைந்தால் எண் தடுமாறும். ஒரு ஜோடி பேட்டரியை நோட்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் வைத்திருக்கும் வீடுகளில் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே ஒரு சிலிண்டரையும் ஏற்பாடு செய்துவிடுங்கள், கரண்ட் போனால் கான்சென்ட்ரேட்டர் நின்றுவிடும்.

108-க்குப் போன் செய்யும்போது

எண் 90 அல்லது அதற்குக் கீழே, அல்லது உதடு நாக்கு நீலம், அல்லது பேச முடியாத மூச்சிரைப்பு, அல்லது ஆள் குழப்பமாகப் பேசுகிறார். இதில் ஏதாவது ஒன்று போதும். பதற்றத்தில் "சீக்கிரம் வாங்க" என்று மட்டும்தான் வாயில் வரும். அதனால் சொல்ல வேண்டியதை நோட்டின் முதல் பக்கத்தில் முன்கூட்டியே எழுதி வையுங்கள்: "வயது 72, ஆண். சர்க்கரை உண்டு. ஆக்சிஜன் 86, வெளிக்காற்றில். மூச்சு நிமிடத்துக்கு 32. நினைவு இருக்கிறது." அப்புறம் முகவரி, தெருவின் பழைய பெயர் புதுப் பெயர் இரண்டும், பக்கத்தில் இருக்கும் கோவிலோ ரேஷன் கடையோ, எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா இல்லையா.

வண்டி வரும் வரை ஆளைப் படுக்க வைக்காதீர்கள். தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார வையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். தானாகப் படியிறங்கி வரச் சொல்லவே கூடாது. ஆக்சிஜன் வீட்டில் இருந்தால் டாக்டர் சொன்ன அளவில் போடுங்கள். ஒருவர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருக்கட்டும். இன்னொருவர் நோட்டையும் மருந்துச் சீட்டுகளையும் ஒரு பையில் எடுத்து வைக்கட்டும். மூன்றாவது ஆள் இருந்தால் தெருமுனைக்குப் போய் நிற்கட்டும், இரவாக இருந்தால் கையில் டார்ச்சோடு.